கூடு கட்டும் வரை பேசக்கூடாது

இண்டூர்ப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதமெல்லாம் கிடையாது. யார் வந்தாலும் ஷெட்டு வாசலில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைக்க வேண்டும். சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். புழுவுக்கு வெளிவாசனை ஆகாது. ஒரு நோய் உள்ளே நுழைந்தால் ஒரு மகசூலே குப்பைக் குழிக்குப் போய்விடும். இந்த விஷயத்தில் சுமலதா ஊரிலேயே கறார்ப் பேர்வழி என்று பெயர் எடுத்தவள்.

அதனால் சென்னையிலிருந்து இரண்டு வேனில் வந்து இறங்கிய படக்குழுவை அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டதில் ஊருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. வந்தவர்கள்தான் முழித்தார்கள். அவர்கள் எடுக்க வந்திருந்தது அவளுடைய மகளைப் பற்றிய படம்.

மகள் கோகிலவாணியை இப்போது யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர் உலகத்துக்கு அவள் கோகி. பதினான்கு வயதில் இதே ஷெட்டுக்குள் புழுவுக்கு மல்பெரித் தழை போட்டுக்கொண்டே, தானாகக் கட்டிய ஒரு பாட்டைப் பாடினாள். புழுவைத் தின்னச் சொல்லி, தூங்கச் சொல்லி, அப்புறம் என்னையும் தூங்க விடேன் என்று கெஞ்சும் பாட்டு. சுமலதாவின் அண்ணன் கிருஷ்ணப்பன் அதைப் போனில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். அவ்வளவுதான். பஸ்ஸில் அந்தப் பாட்டு, கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டு, சிங்கப்பூரில் யாரோ அதற்கு ஆடினார்கள். இப்போது அவளுக்குப் பதினேழு. வரும் சனிக்கிழமை சென்னையில் பெரிய மேடைக் கச்சேரி. அந்தக் கச்சேரியோடு படம் முடிய வேண்டும். இந்த ஷெட்டிலிருந்து தொடங்க வேண்டும். இயக்குநர் மாதவராஜின் திட்டம் அது.

கிருஷ்ணப்பன்தான் மேனேஜர். சுமலதாவின் கணவன் இறந்துபோயிருந்த நேரம். புழுவை அப்படியே போட்டுவிட்டு அவளால் கிளம்ப முடியவில்லை. நீ முன்னால் போ, பின்னாலேயே வருகிறேன் என்று மகளை அண்ணனோடு அனுப்பிவைத்தாள். ஒரு மகசூல் முடிந்தால் அடுத்தது வந்து நின்றது. மூன்று வருஷமாக அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறாள், இண்டூரை விட்டு நகராமல். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

கோகி தனிக் காரில் வந்தாள். மினுக்கும் சட்டை, முகம் முழுக்க மேக்கப், நாலு வீடு தள்ளி நின்றாலும் மூக்கில் ஏறும் சென்ட். காரிலிருந்து குதித்து அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடி வந்தாள். சுமலதா சட்டென்று இரண்டு எட்டு பின்னால் போய்விட்டாள். கேமரா அதையும் பிடித்தது.

"குளிச்சிட்டு வா பாப்பா. புழு கடைசித் தீனியில இருக்குது."

பெண்ணின் முகம் ஒரு நொடி வாடியது. பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். கச்சேரிக்காகக் குரலைச் சேமித்து வைக்கிறாள், யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று கிருஷ்ணப்பன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாகப் போனில்கூட மகள் குரலைக் கேட்காத சுமலதாவுக்கும் இதே பதில்தான் கிடைத்திருந்தது. பாட்டுக்காரர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அம்மாவின் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கோகி திரும்பி வந்தபோது ஒளிப்பதிவாளருக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சுமலதா அவளை மட்டும் உள்ளே விட்டு வலைக்கதவைச் சாத்தினாள். கேமரா வலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு.

உள்ளே தட்டுத் தட்டாகப் புழு. கூடு கட்டுவதற்கு முந்தைய வாரத்தில் அவை தின்னும் தீனி இருக்கிறதே, அது அசுரத் தீனி. அத்தனையும் சேர்ந்து தழையைக் கடிக்கும் சத்தம் ஓட்டின் மேல் மழை பெய்வதுபோல் இருக்கும். தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று தழைக் கொம்புகளைப் பரப்பினார்கள். மூன்று வருஷம் மைக் பிடித்த கை தழை பிடிக்க மறந்திருக்கவில்லை. சுமலதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உன் பாட்டை இதுங்களுக்கு ஒரு தடவை பாடு, மெதுவாகப் பாடினால் போதும் என்று ஆசையாகக் கேட்டாள்.

கோகி வலைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வாயைத் திறந்தாள். காற்று வந்தது. நடுவில் ஒரு கீறல் சத்தம் வந்தது. பாட்டு வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, அவ்வளவுதான்.

சுமலதாவின் கையிலிருந்த கொம்பு அப்படியே நின்றது. "எப்பலேந்து?"

"ரெண்டு மாசமா," என்றாள் மகள். அது குரலே இல்லை, மூச்சு.

மற்றதையும், புழு தின்னும் சத்தத்தில் வலைக்கு வெளியே கேட்காத அந்த மூச்சிலேயே சொன்னாள். ஓயாமல் பாடிப் பாடிக் குரல்வளையில் கொப்புளம் மாதிரி வந்திருக்கிறது. ஒரு மாதமாவது வாயே திறக்கக்கூடாது, மீறினால் பழைய குரல் திரும்ப வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கச்சேரி முடியட்டும் என்று மாமா சொல்கிறார். முக்கால்வாசிப் பாட்டுக்கு ஏற்கெனவே பதிவு செய்ததை ஓடவிட்டு வாயசைத்தால் போதும். ஆனால் புழுப் பாட்டை மட்டும் நேராகப் பாடியே ஆக வேண்டும், சனம் அதற்குத்தான் வருகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லாதம்மா. குரல் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா என்னை முடிச்சிடுவாங்க."

சுமலதாவுக்கு முதலில் அண்ணன் மேல் ஆத்திரம் வந்தது. வெளியே போய் அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்று பார்த்தாள். அடுத்து தன் மேலேயே வந்தது. எங்கோ முகம் தெரியாத ஆயிரம் பேர் கேட்ட குரல், அது உடைந்தது பெற்றவளுக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது. அழ நேரமில்லை. சாயங்காலம் கார் கிளம்பிவிடும். போக விட்டால் சனிக்கிழமை மேடை. மேடை ஏறினால் தொண்டை போயிற்று. போகக்கூடாது என்று தடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு கட்டுத் தழையைப் பரப்பி முடிப்பதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். வெளியே வந்து, வலைக்கதவின் தாழ்ப்பாளை நிதானமாகப் போட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கடைசித் தீனியில ஷெட்டுக்குள்ள கால் வச்ச கன்னிப்பொண்ணு, புழு கூடு கட்டி முடிக்கற வரைக்கும் வூட்டு எல்லையத் தாண்டக்கூடாதுங்க. வாயும் தொறக்கக்கூடாது. மீறினா புழு கூடு கட்டாதுங்க."

மாதவராஜ் நல்ல பையன். ஆனால் வழக்கம் என்ற சொல்லைக் கேட்டால் கோயில் வாசல் மாதிரி செருப்பைக் கழற்றிவிடும் ரகம். கேமராவை ஓடவிடச் சொல்லி சைகை காட்டிவிட்டு, இது எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று பயபக்தியோடு கேட்டான். அந்த ஷெட்டுக்கே வயது பத்து ஆகவில்லை. அரசாங்க மானியத்தில் கட்டியது. சுமலதா கண்ணைக்கூட இமைக்காமல் அது ரொம்பக் காலமுங்க என்றாள். அப்புறம் தைரியம் வந்து, மலைத் தெய்வம், ஏழு கன்னிமார் என்று கொஞ்சம் சேர்த்தும் விட்டாள்.

வலைக்குப் பின்னால் கோகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வழக்கத்தை மதிக்கிறாள் என்று ஒளிப்பதிவாளர் நினைத்தார். பெண்ணுக்குச் சிரிப்பு.

மாதவராஜுக்குத்தான் திடீரென்று ஒன்று உறைத்தது. உலகமே பார்த்த அந்த வீடியோவில் கோகி இதே ஷெட்டுக்குள்தானே பாடினாள்?

அந்த வீடியோ இல்லையென்றால் இவர்கள் இங்கே வந்தே இருக்க மாட்டார்கள். அதைச் சுமலதா எப்படி மறந்தாள்? அது சின்னப் புழுவுங்க, இந்தக் கட்டுப்பாடு கடைசித் தீனிப் புழுவுக்கு மட்டுந்தானுங்க என்று சமாளித்தாள். சொல்லும்போதே குரல் பிசிறடித்தது. மாதவராஜ் சந்தேகத்தோடு கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பினான். கேமராவும் கூடவே திரும்பியது.

"சார், நீங்களும் இந்த வீட்டுலதான பொறந்து வளந்தீங்க. இப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

கிருஷ்ணப்பன் இந்த வீட்டில் பிறந்தவன், இந்தத் தோட்டத்தில் தழை வெட்டியவன். தங்கை புளுகுகிறாள் என்பது அவனுக்கு அவள் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. ஏன் புளுகுகிறாள் என்பதும். சனிக்கிழமைக்கு மேடை போட்டாகிவிட்டது, ஊரெல்லாம் போஸ்டர், கச்சேரி நடத்தும் கம்பெனிக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தவன் அவன்தான். ஒரே வார்த்தை, இல்லை என்று சொன்னால் போதும், எல்லாம் திட்டப்படி நடக்கும். அவன் தங்கையைப் பார்த்தான். அவள் அவனைக் கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வலைக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தான். சிரிப்பெல்லாம் போய், நைட்டியில் தொலைந்துபோய், மாமன் என்ன சொல்லப் போகிறானோ என்று அவள் நின்ற நிலை அவனை என்னவோ செய்திருக்க வேண்டும்.

"இருக்குதுங்க," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான்தான் மறந்துட்டன். கச்சேரியத் தள்ளி வச்சிடலாங்க."

சுமலதாவுக்கு அண்ணன் மேலிருந்த கோபம் அவ்வளவும் போகவில்லை. ஆனால் பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மாதவராஜ் அந்தக் காட்சியில் சின்னதாக ஒரு துண்டை வெளியிட்டான். கச்சேரி தள்ளிப்போனதற்குத் திட்ட வேண்டிய சனம், உன்னோடு சேர்ந்து நாங்களும் மௌனம் இருக்கிறோம் என்று எழுதித் தள்ளியது. கம்பெனிக்காரர்கள் கத்தியதை எல்லாம் கிருஷ்ணப்பன் வாங்கிக் கட்டிக்கொண்டான், தங்கையிடம் சொல்லவில்லை. படக்குழுவில் பாதிப் பேர் தருமபுரியில் அறை எடுத்துத் தங்கி, தினமும் வந்து மௌனத்தைப் படம் பிடித்துவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தோட்டத்தில் புழு வளர்க்கும் ராமக்காள்தான் வேலியோரம் வந்து, நம்ம பக்கம் இந்த வழக்கம் எப்பலேந்து என்று கேட்டாள். நேத்துலேந்து என்றாள் சுமலதா. ராமக்காள் உள்ளே எட்டிப் பார்த்தாள், பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் யாரோ மைக்கை நீட்டியபோது, எங்கள் வீட்டிலும் இதேதான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் பேசக்கூடாது என்பதால் அம்மா பேசினாள். மூன்று வருஷமாகப் போனில் மகள் பேச, பின்னால் யாரோ அவளை அவசரப்படுத்த, சரி சரி வை என்று சொல்லியே பழகியவள். இப்போது தழை வெட்டும்போது, சோறு பிசையும்போது, மகளுக்குத் தலை வாரும்போது, ஓயாமல் பேசினாள். அப்பா செத்ததற்கு நீ பார்க்காதபோது எப்படி அழுதேன் என்று சொன்னாள். உன் பாட்டை டீக்கடையில் போட்டால் அந்தப் பக்கமே போக மாட்டேன், நடுத்தெருவில் அழுதுவிடுவேனோ என்று பயம் என்று சொன்னாள். உன்னைத் தனியாக அனுப்பியது தப்பு என்றும் சொன்னாள். கோகி கேட்டுக்கொண்டே இருந்தாள். சில சமயம் அம்மாவின் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள்.

புழு தின்று முடித்துப் பழுத்தது. தாயும் மகளும் அவற்றைப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டுகளில் விட்டார்கள். தீனி நின்றதும் ஷெட்டில் அத்தனை நாள் கேட்ட சத்தமும் அடங்கியது. புழுக்கள் தலையை இப்படியும் அப்படியும் அசைத்து நூல் விடத் தொடங்கின. சுமலதா அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்க வேண்டிய ஒன்றை அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம். என்ன பதில் வர வேண்டும் என்று தனக்கே ஓர் ஆசை இருந்ததுதான் அதைவிடப் பயம்.

"பாப்பா, உன்னை இதுவரைக்கும் யாரும் கேக்கல. நானும் கேக்கல. உனக்குப் பாடணுமா, வேணாமா? வேணாம்னா தலைய மட்டும் ஆட்டு. மாமன்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் நான் பேசிக்கறன்."

வேண்டாம் என்று ஆட்டிவிடு தாயே என்று அவள் மனசு உள்ளுக்குள் கும்பிட்டது. மகள் இங்கேயே இருப்பாள், தோட்டம் இருக்கிறது, இண்டூர் இருக்கிறது. கோகி நூல் விடும் புழுக்களைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்து அழுத்தினாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தலை ஆடவில்லை. பாடணும்.

சுமலதாவுக்கு உள்ளே ஏதோ அறுந்துதான் போயிற்று. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அடுத்த மகசூலுக்கு நான் புழு வாங்கப் போறதில்ல. ஷெட்டப் பூட்டறன். சென்னையில வாடகைக்கு ஒரு வூடு பாரு, எனக்கும் பாப்பாவுக்கும். தொண்டை ஆறுனப்புறம்தான் மேடை. எந்த மேடைன்னு அவ சொல்லுவா."

கோகி துள்ளி எழுந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். சுமலதா அந்த வாயைத் தன் கையால் இறுகப் பொத்தினாள்.