சாரங்கபாணியின் சாக்ஸ்

மே மாத வெயிலில் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடமாடும் ஒரே மனிதர், மெட்டுகுடா முழுக்கத் தேடினாலும், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வுபெற்ற சாரங்கபாணியாகத்தான் இருக்க முடியும். கேட்டால் தரை சில்லென்று இருக்கிறதாம். அந்தத் தரையில் அப்பளம் காயவைக்கலாம். மனைவி விஜயகுமாரி அதை நம்பினாள், அல்லது நம்புவதாகத் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விஷயம் வேறு. வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. சர்க்கரைக்காரருக்கு விரல் கறுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய அண்ணன் விரலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போய், முழங்கால் வரை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அதனால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நாராயணஸ்வாமியின் கிளினிக் பக்கமே சாரங்கபாணி தலைகாட்டவில்லை. அந்த மனிதர் நாடி பிடிப்பதெல்லாம் அப்புறம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நடையைப் பார்த்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் கொண்டாப்பூரிலிருந்து மகன் யோகேஷ், ஃபோனிலேயே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்துகொடுத்தான். ஃபோனில் மார்பு வரைக்கும்தான் தெரியும் என்று கண்டுகொண்ட சாரங்கபாணி, விஞ்ஞானத்தின் பரம பக்தராகிவிட்டார். “இனிமே ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு?” என்று பால்காரரிடம்கூடப் பிரசங்கம்.

அன்று மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி, அதற்கும் கீழே சாக்ஸ். ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்த ஃபோனில், மாதாப்பூரிலிருந்து டாக்டர் அக்ஷதா தோன்றினாள். கேட்டதற்கெல்லாம் இவர், “சூப்பர்மா, நோ ப்ராப்ளம்.”

“வெரி குட் சார். முகத்துல நல்ல களை இருக்கு.”

டாக்டரைக் காபி கொடுக்காமல் அனுப்பிப் பழக்கமில்லாத விஜயகுமாரி, ஆவி பறக்கும் டம்ளரை ஃபோனுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அக்ஷதா சிரித்துவிட்டாள். விஜயகுமாரிக்கு அது போதும்.

“எல்லாம் சரிம்மா, தூங்கறப்பகூட இவரு சாக்ஸைக் கழட்ட மாட்டேங்கறாரு. கைய வச்சா வேணாம் வேணாம்னு, நக்கோ நக்கோன்னு கத்தறாரு. ஒரு வாடை வேற. ஊதுவத்தி ஏத்தியும் போகல.”

சிரிப்பு நின்றது. “வாடையா? சார், கேமராவைக் காலுக்குக் காட்டுங்க.”

சாரங்கபாணி அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி, கை டம்ளரை நோக்கி நீண்டபடி, அப்படியே சிலையானார். பேத்தியோடு வீடியோவில் பேசும்போது படம் இப்படித்தான் நின்றுபோகும்.

“சார்? கேக்குதா?”

மூச்சையும் அடக்கினார். விஜயகுமாரி தோளில் ஒரு குத்து விட்டாள். “என்னங்க இது கூத்து?”

“விடுங்க ஆன்ட்டி. சாருக்கு நெட் போயிடுச்சு போல. பின்னாடி டேபிள் ஃபேன் மட்டும் நல்லா சுத்துது.”

விஜயகுமாரி ஃபோனை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நெட் போனவர் எப்படி இழுப்பார்? சாக்ஸ் ஒட்டி ஒட்டி இறங்கியது. தெருவுக்கே செய்தி வாசிக்கிறவள் ஃபோனை மட்டும் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தினார். கால் பக்கம் திரும்பியிருந்த திரை முழுக்க அக்ஷதாவின் முகம், இமைகூட அசையாமல் நின்றது. நெட்தான் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஏதாவது சுற்றுகிறதா என்று தேடினார்.

வெறும் வெள்ளைச் சுவர்தான் இருந்தது.