சார்லஸின் கார்க்கண்ணாடி மழை

உறுவையாறு கிராமத்துச் சார்லஸின் பழைய வெள்ளைக் காரின் முன்கண்ணாடியில் மூன்று வருடமாக மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணாடியில் மட்டும்தான், கூரையில் ஒரு சொட்டு கிடையாது. தகரக் கொட்டகை போட்டுப் பார்த்தார், கொட்டகைக்குள்ளேயே பெய்தது. அக்கினி நட்சத்திரத்திலும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வேலம்மாள் காருக்கு முன்னால் வாளி வைத்து ஆடுகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு ஆடுகளும் இதைத்தான் குடித்தன.

மழை தொடங்கியது சார்லஸின் மனைவி ஸ்டெல்லா இறந்த அன்று. அந்த ஐப்பசியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொட்டுகிற மழையில் கிளம்பினார். வில்லியனூர் நெருங்கும்போது வைப்பர் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, நடை வேகத்தில் ஓட்டி ஆஸ்பத்திரி சேர்ந்தபோது உயிர் இல்லை. கால் மணி முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த மாதம் மட்டும் மூன்று முறை வைப்பர் ஃபியூஸ் எரிந்திருந்தது. மூன்று முறையும் புதிதாக ஒன்றைச் சொருகிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவர் சார்லஸ். அடக்கம் முடிந்ததும் மகள் சுகன்யா, "ஒரு வைப்பர ஒழுங்கா பாக்கத் துப்பில்லாம எங்கம்மாவ சாவடிச்சிட்டியேப்பா" என்று சொல்லிவிட்டுப் பாகூரில் புருஷன் வீட்டுக்குப் போனாள். அப்புறம் வரவில்லை, பேசவும் இல்லை.

ஸ்டெல்லாவின் மூன்றாம் வருட நினைவுப் பூசைக்கும் அவள் வராததால், மறுநாள் சார்லஸ் வில்லியனூர் மெக்கானிக் இருசப்பனைக் கூட்டிவந்தார். "வைப்பரு ஓடுதோ இல்லியோ, அன்னிக்கு இன்னா ஆச்சின்னு மட்டும் சொல்லுடா." இருசப்பன் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு மழைக்குள் குனிந்தான். புது ஃபியூஸ் போட்டான், எரிந்தது. மோட்டாரைக் கழற்றித் தனியாக பேட்டரியில் கொடுத்தான், நன்றாகச் சுற்றியது. "மோட்டார் நல்லாதான் இருக்குது. எங்கியோ புடிக்குதுண்ணே." கண்ணாடிக்குக் கீழே உள்ள மூடியைத் திறந்து வைப்பர் தண்டைத் திருகினான், அசையவில்லை. நோண்டி இழுத்ததில் முழ நீளத்துக்குப் மீன்வலை பின்னுகிற பச்சை நைலான் நரம்பு வந்தது. அதில் நாலைந்து காய்ந்த சாமந்திக் காம்பு இருந்தது.

சார்லஸுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஸ்டெல்லா பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்தில் பிறந்தவள். நூல் அறுந்துவிடும் என்று பூவை வலை நரம்பில்தான் கட்டுவாள். மாதா திருவிழாவில் பங்குச் சாமியார் காரை மந்திரித்தபோது இரண்டு வைப்பரிலும் மாலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியவள் அவள்தான். பூ உதிர்ந்துபோக, நரம்பு உள்ளே போய்த் தண்டை இறுக்கி ஃபியூஸை எரித்துக்கொண்டிருந்தது.

"உம்மேல தப்பே இல்லண்ணே, பொண்ணுக்கு போன் போடு" என்றான் இருசப்பன் சந்தோஷமாக. சார்லஸ் நரம்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஃபியூஸுதான்னு சொல்லுடா. யார் கேட்டாலும் ஃபியூஸு. செத்தவ மேல போயி பழிய போடச் சொல்றியா?" என்றார். இருசப்பன் தண்டுக்கு கிரீஸ் தடவி எல்லாவற்றையும் மாட்டினான். வைப்பர் ஓடியது.

வைப்பர் ஓடுகிற செய்தி பாகூர் போய்ச்சேர இரண்டு நாள் ஆனது. சுகன்யாவே போன் செய்தாள்.

"இன்னாதான் பழுதாம்ப்பா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கும் குரல். அது இன்னும் கொஞ்சம் பேசாதா என்று சார்லஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஃபியூஸுதாம்மா. நான்தான் பாக்காம வுட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மழை நிற்கவில்லை. சார்லஸ் ஞாயிறு பூசைக்கு அந்தக் காரில்தான் வில்லியனூர் போகிறார். சுள்ளென்ற வெயிலில் வைப்பர் ஆட்டிக்கொண்டு வரும் காரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாரல் படாமல் இருக்க சைக்கிளில் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.