வெண்டல் ஹாஸ்கெட் மேல் பெய்த பனி

வெண்டல் ஹாஸ்கெட் போக்கர் மேஜையில் பொய் சொன்னால் அவர் தலைமேல் மட்டும் பனி பெய்யும். கலிபோர்னியாவின் கார்டீனா ஊரில் அவர் விளையாட வந்த வருடம் அங்கிருந்த சீட்டாட்டக் கிளப்பில் காபி பத்து சென்ட். வெளியே ஆரஞ்சு மரங்கள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. நல்ல சீட்டு இருப்பதுபோல நடித்துப் பந்தயம் கட்டிய முதல் நாளே தொப்பியில் ஓர் அங்குலம் சேர்ந்தது. மூன்றாம் முறை சளி பிடித்ததும் நடிப்பதை விட்டுவிட்டார். கடவுள் சிலருக்கு மனத்தில் காவல் வைக்கிறார், வெண்டலுக்குத் தொப்பியில் வைத்தார். அதன்பின் அவர் ஆட்டம் முழுக்கப் பொறுமைதான். மோசமான சீட்டைப் பார்த்ததும் கவிழ்த்துவிடுவார். நல்லது வந்தால் மட்டும் கட்டுவார். பனி இல்லையென்றால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படிக் கிடைத்த சின்னச் சின்ன வெற்றிகளிலேயே முப்பது வருடம் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அவரைவிடத் திறமைசாலி ஆர்லோ டீட்ஸ். முகம் பலகை மாதிரி. கையில் ஒன்றுமில்லாமலே மேஜையை மிரட்டுவார். ஆனால் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். வெண்டல் பக்கத்தில் உட்கார விதவைகளும் ஓய்வுபெற்ற தபால்காரர்களும் முந்துவார்கள். வெண்டலிடம் தோற்றவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்துப் பார்த்து ஆர்லோவுக்கு வயிறு எரிந்தது. மனைவி இறந்தபின் அது இன்னும் கூடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் எல்லோர் முன்னும் கத்தினார்: "இன்னிக்கு இந்தப் பனி மனுசன்கிட்ட தோத்தேன்னா, இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்!"

யாரும் சிரிக்கவில்லை. மனைவி போனபின் ஆர்லோவைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கும் ஒரே ஆள், அந்தக் கிளப்பில் உணவு பரிமாறும் வெர்னா என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாலு மணிக்கு ஆர்லோ கையில் மூன்று ராஜா வந்தது. இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினார். மற்றவர்கள் விலகினார்கள். வெண்டல் தன் சீட்டைப் பார்த்தார். பிறகு ஆர்லோவின் விரல்களைப் பார்த்தார். அவை கல்யாண மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தன. சீட்டைக் கவிழ்த்துக் கழித்த சீட்டுகளுக்குள் தள்ளினார். அங்கே போனதை யாரும் தொடக்கூடாது, அது ஆட்ட விதி.

"நீதான் ஜெயிச்சே ஆர்லோ. என்கிட்ட ஒண்ணுமில்ல."

பனி விழ ஆரம்பித்தது.

ஆர்லோ எழுந்துவிட்டார். "என்னடா வச்சிருந்தே?"

"ரெண்டு ஏழு."

பனி தடித்தது.

"என்மேல பரிதாபமா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லப்பா."

வெண்டலின் புருவம் வெளுத்தது. காபிக் கோப்பை நிரம்பி வழிந்தது.

"வாய மூடுடா! வெறச்சே செத்துருவே!" என்று ஆர்லோ தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அந்தத் தோள்களைத் தேய்த்துவிட்டார்.

மறுநாளும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். வெர்னா கோழிக்கறியை மாவில் பொதிந்து சுட்ட பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன ஆர்லோ, பொறாமையெல்லாம் போயிருச்சா?" என்றாள்.

"சுத்தமா போயிருச்சும்மா" என்றார் ஆர்லோ.

அவர் வழுக்கையில் ஒரு வெள்ளைத் துகள் வந்து உட்கார்ந்தது, பின்னாலேயே இன்னொன்று. வெண்டல் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டுச் சீட்டைக் கலைத்தார். பலகாரம் ஆறிவிடும் என்று வெர்னா அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள்.