பொன்விழா மலரில் விபூதி

அரசாங்க ஆய்வு மையத்துக்கு ஐம்பது வயதானால் முதலில் பெயிண்ட் அடிப்பார்கள், அப்புறம் வரலாறு எழுதுவார்கள். இரண்டும் விரிசலை மறைக்கத்தான். ஹப்சிகுடா பக்கத்திலுள்ள எங்கள் இயற்பியல், பொருளறிவியல் மையத்தில் பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது. பொன்விழா மலரில் வரலாறு எழுதும் வேலை, கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த பத்மப்ரியாவின் தலையில் விழுந்தது. புதியவள், மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அவள் எழுதியதைப் படித்துவிட்டு எக்ஸ்ரே பிரிவு பாலசுப்ரமணியன் கொதித்துப் போனார். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர். முப்பது வருஷத்துக்கும் மேலாக, இங்கே எந்த உலோகக் கலவை உருவானாலும் அதன் பொடியை எக்ஸ்ரே கருவியில் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். அவரைப் பற்றி மலரில் இருந்தது ஒரே பக்கம். அது விபூதிப் பக்கம்.

விஷயம் இதுதான். எங்கள் மையத்தில் ஆயுத பூஜை என்றால் ஸ்க்ரூ டிரைவரும் தப்பாது, கோடி ரூபாய்க் கருவியும் தப்பாது. பாலசுப்ரமணியன் பக்தியில் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். ஒரு வருஷம், கருவிக்கு வெளியே பொட்டு வைத்ததோடு நிற்காமல், உள்ளே பொடி வைக்கும் தட்டுக்கும் பட்டையாக விபூதி பூசிவிட்டார். லீவு முடிந்து வந்தவர்கள் அதன் மேலேயே புதுக் கலவையை வைத்தார்கள். வரைபடத்தில், எந்தக் கணக்கிலும் அடங்காத ஒரு கோடு எழும்பியது. புதிய கண்டுபிடிப்பு என்று அப்போதைய டைரக்டர் மைசூர்பாகு கொடுத்தார். டெல்லிக்குச் செய்தி போனது. கட்டுரைகூடத் தயாரானது. அப்புறம் யாரோ தட்டைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தார்கள். கோடு சிவலோகப் பதவி அடைந்திருந்தது.

அதிலிருந்து எங்கள் கருவிகளுக்குப் பூ மட்டும்தான்.

"ஏம்மா, இத்தனை வருஷம் நான் இங்கே விபூதி மட்டுமா பூசிண்டிருந்தேன்?" என்று பத்மப்ரியாவிடம் பாய்ந்தார் பாலசுப்ரமணியன்.

"யாரைக் கேட்டாலும் இதைத்தான் சார் சொன்னாங்க. டைரக்டர் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாருங்க."

"சிரிப்பார். அவர் போட்டோ அட்டையிலேயே இருக்கு. நக்கோம்மா, வேண்டாம், எடுத்துடு. மாதாப்பூர்லேர்ந்து சம்பந்தி வீட்டுக்காரா விழாவுக்கு வரா. என் மானம் போயிடும்."

பத்மப்ரியா இரக்கமுள்ள பெண். பக்கத்தை எடுத்துவிட்டு, திருத்திய மலரை அன்று சாயங்காலமே அவர் போனுக்கு அனுப்பினாள்.

அவர் மனைவி ருக்மிணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாராம். டைரக்டர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கேன்டீன் திறப்பு விழா இருந்தது. மந்திரி நட்ட வேப்பங்கன்றுக்குத் தனிப் படமே இருந்தது.

"ஏன்னா, இதிலே நீங்க எங்கே இருக்கேள்?"

போனை வாங்கித் தன் பெயரைத் தேடினார். இல்லை. எழுத்தைப் பெரிதாக்கித் தேடினார். அப்போதும் இல்லை.

மறுநாள் ஆபீஸ் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த வேப்பங்கன்றின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என்ன செய்வது, மலர் அன்று மத்தியானம் அச்சுக்குப் போகிறது. புதிதாக எதையும் சேர்க்க நேரமில்லை. எடுத்த பக்கத்தைத் திரும்ப வைக்கத்தான் முடியும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பத்மப்ரியாவின் மேஜைக்குப் போனார்.

"அந்த விபூதியைத் திரும்பப் போட்டுடும்மா."

அவள் திகைத்துப் போனாள். "சம்பந்தி வீட்டுல பார்ப்பாங்களே சார்? வேணும்னா உங்க பேரை விட்டுட்டு, 'ஓர் ஊழியர்'னு மட்டும் போட்டுடறேனுங்க."

"பேரை விடாதே!" பாலசுப்ரமணியன் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இனிஷியலோட போடு. இந்த சென்டர்ல என்னோட சேர்த்து மூணு பாலசுப்ரமணியன் இருந்திருக்கா. வேற எவனாவது தட்டிண்டு போயிடப் போறான்!"