மூன்றாவது வளைவில் சொன்னது

காலையில் எழுந்ததும் அவன் முதலில் ஜன்னலைத் திறந்து கீழே வேன் நிற்கிறதா என்று பார்ப்பான். வேன் எங்கும் போகாது. ஆனாலும் பார்ப்பான். பிறகு ஹீட்டரைப் போடுவான். தண்ணீர் சூடாவதற்குள் பல் துலக்கி, முகம் மழித்து, நேற்றுப் போட்ட சட்டையை மோந்து பார்ப்பான். இன்னொரு நாள் தாங்கும் என்று பட்டால் அதையே மாட்டிக்கொள்வான். டீ போட்டு, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். கீழே இறங்கிப் போய் வேன் கண்ணாடியில் படிந்திருக்கும் பனியைப் பழைய துணியால் துடைப்பான். மிதியடிகளை உதறுவான். முந்தின நாள் யாராவது வாந்தி எடுத்திருந்தால் அந்த சீட்டைக் கழுவி வாசனை அடிப்பான். கடைசியாக ஒவ்வொரு சீட்டின் முதுகுப் பையிலும் ஒரு பாலிதீன் கவர் செருகுவான். மலை ரோட்டில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவனுக்கு டீசல் இல்லாவிட்டால்கூட யாரிடமாவது கேட்டு வாங்கலாம். கவர் இல்லாவிட்டால் தொலைந்தான்.

பின்வரிசை சீட்டுக்கு வரும்போது அவன் கை தானாக நிதானப்படும். அந்த சீட்டில்தான் அவன் மனைவி செத்துப்போனாள். தினமும் அந்த இடத்தில் கவரைச் செருகும்போது அவள் கடைசியாகச் சொன்னது அவள் குரலிலேயே ஒரு தடவை காதுக்குள் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்துவான். அவளிடமிருந்து அவனுக்கு மிச்சம் என்று இருந்தது அவ்வளவுதான். போட்டோவெல்லாம் மாமியார் வீட்டு அலமாரிக்குள் போய்விட்டது.

அன்று கேட்டது வேறு. குரல் அவளுடையதுதான். சொன்னது மட்டும் அவள் தம்பி, இப்போது வேனில் கைடாக வரும் மச்சான், மைக்கில் சொல்லும் வசனம். அவன் கவரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். உண்மையில் அவள் சொன்னது என்ன என்று தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கிடைத்துவிட்டது. ஆனால் தேட வேண்டியிருந்தது.

இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவன் வணிகவியல், அவள் வரலாறு. படிப்புக்கேற்ற வேலை அவர்கள் இருந்த பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமானதும் கடன் வாங்கி இந்தப் பழைய வேனை எடுத்தார்கள். அவன் ஓட்டுவான், அவள் மைக் பிடித்துப் பேசுவாள். வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்று அவள் பயணிகளிடம் சொல்லிச் சிரிக்க வைப்பாள். மற்ற வேன் கைடுகள் பாறை முனையில் நிறுத்தி, ஒரு ராணி காதலனுக்காக இங்கிருந்து குதித்தாள் என்று கண்ணீர் விடாத குறையாகச் சொல்வார்கள். அவள் மைக்கைத் தட்டிவிட்டுச் சொல்வாள்: "ராணி யாரும் குதிக்கலைங்க. ஒரு மாடுதான் விழுந்துச்சு. அதையும் கயிறு கட்டித் தூக்கிட்டாங்க. இப்பவும் மார்க்கெட் பக்கம் சுத்திட்டிருக்கும், போறப்ப காட்டறேன்." பனி மூடி எதுவும் தெரியாத நாளில், "எதிர்ல தெரியறதுதான் பள்ளத்தாக்கு. நான் காசு வாங்கிட்டேன், நீங்க நம்பித்தான் ஆகணும்" என்பாள்.

போன சீசனில், ஒரு விடுமுறை நாளில், அவளுக்கு வயிற்று வலி வந்தது. அஜீரணம் என்று வெந்நீர் குடித்தாள். மத்தியானத்துக்குள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிகிறது, இங்கே கத்தி வைக்க வசதியில்லை, உடனே கீழே கொண்டு போங்கள் என்றார். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வேறு ஆளை ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டது. அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து அவனே ஓட்டினான். மூன்றாவது வளைவில் ரோடு அடைத்துக்கொண்டது. அருவி பார்க்க வந்தவர்கள் கண்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் முட்டிக்கொண்டு நின்றன. ரோடு திறப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மாமியார் கேட்டார். அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். "கடைசியா ஏதாவது சொன்னாளா?" அவன் சுவரைப் பார்ப்பான். லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த மச்சான் அந்த வேலையை விட்டுவிட்டு அக்காவின் மைக்கைக் கையில் எடுத்தான். கொஞ்ச நாளில் மூன்றாவது வளைவில் ஒரு கதை முளைத்தது. பயணிகள் மூக்கைச் சிந்தினார்கள். இறங்கும்போது டிப்ஸ் கொடுத்தார்கள். பாறை முனையையும் ஏரியையும்விட அந்த வளைவுதான் பிடித்தது என்று சொன்னவர்களும் உண்டு.

அன்று அவன் வேன் கதவைச் சாத்தும்போது மாமியார் வந்தார். அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். கையில் மப்ளர்.

"கழுத்துல சுத்திக்குங்க மாப்பிள்ளை. குளிரு ஒறைக்குது."

வாங்கிக்கொண்டான். அவர் போகவில்லை.

"இத்தனை நாளா வாயத் தொறக்காம இருந்தீங்களேன்னு எனக்கு வருத்தந்தான். ஆனா தம்பிகிட்டயாவது சொன்னீங்களே, அது போதும். வலியிலயும் என் பொண்ணுக்கு அடுத்தவங்க நெனப்பு பாருங்க. அதை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

"நான் என்ன சொன்னேன் அத்தை?"

மச்சான் மைக்கில் சொல்லும் வசனத்தை அவர் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். "நேரமாச்சு அத்தை" என்று வேனில் ஏறினான்.

லாட்ஜ் லாட்ஜாகப் போய் ஆளை ஏற்றினார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, குழந்தைகளோடு இரண்டு குடும்பம், கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர், அவருடைய தொப்பி போட்ட கணவர். தொப்பிக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. பூங்காவில், "இந்தப் பூவெல்லாம் எங்க வீட்டு மாடியிலயே இருக்கு" என்றார். ஏரியில், "தண்ணிதானே" என்றார். பாறை முனையில் பனி மூடியிருந்தது. "வெள்ளைத் துணியக் காட்டறதுக்கு இவ்வளவு தூரமா?" என்றார். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினார். மச்சான் அங்கே ராணி கதையை விட்டான். அவளுடைய மாடு எப்போதோ காணாமல் போயிருந்தது.

சாயங்காலம் அருவிக்காகக் கீழே இறங்கினார்கள். மூன்றாவது வளைவில் அகலமான இடம் பார்த்து நிறுத்துவது வழக்கம். நிறுத்தினான். மச்சான் மைக்கை வாயருகே கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த வளைவுக்கு ஒரு கதை இருக்குங்க. கதை இல்ல, நெஜம். இந்த ஊர்ல ஒரு கைடு பொண்ணு. புதுசாக் கல்யாணம் ஆனவ. திடீர்னு உடம்பு முடியல. புருஷன்காரன் தூக்கிப் போட்டுக்கிட்டு வர்றான். இதே எடம். ஒரே கூட்டம். வழியில்ல. அவன் கதர்றான். அப்ப அந்தப் பொண்ணு அவன் கையப் புடிச்சுச் சொல்லுச்சு. 'அழாதீங்க. நான் போனாலும் இந்த மலை இங்கதான் இருக்கும். பாக்க வர்றவங்க சந்தோஷமா பாத்துட்டுப் போகட்டும்.' அவ்வளவுதான். உயிர் போயிடுச்சு."

புதுப்பெண் துப்பட்டாவால் கண்ணை ஒற்றினாள். கண்ணாடி போட்ட அம்மாள் கேட்டார்: "பாவம், அந்தப் புருஷன் இப்ப எங்கப்பா இருக்கான்?"

"ஊரை விட்டே போயிட்டாருங்க" என்றான் மச்சான். எப்போதும் சொல்வதுதான்.

"எங்க போயிருப்பான்? இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு அடுத்த மலைக்குப் போயிருப்பான்" என்றார் தொப்பிக்காரர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"சும்மா இருங்க, வாய் இருக்குன்னு" என்றார் மனைவி.

அவன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். ஒரு குழந்தை அங்கே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அவன் அவள் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தான். மலை இங்கதான் இருக்கும் என்றது குரல். மறுபடி கூப்பிட்டான். பாத்துட்டுப் போகட்டும் என்றது. உண்மையானது அடியில் எங்கேயோ போய்க் கிடந்தது. இன்னும் நான்கு நாள் போனால் அதுவும் கிடைக்காது என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. கியரைப் போட்டு வேனை எடுத்தான்.

அருவியில் எல்லோரும் துண்டும் செருப்புமாக இறங்கிப் போனார்கள். மச்சான் டீ இரண்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

"இந்தாங்க மாமா. சூடு ஆறிடும்."

"இனிமே அந்த வளைவுல நிறுத்த மாட்டேன்."

"ஏன்? அந்தத் தொப்பி சொன்னதுக்கா? லூசு மாமா அவரு. காலைலேருந்து பாக்கறேன், அருவியப் பாத்தாலும் குழாயில வர்றதுதானேம்பாரு."

"அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லியிருக்க."

மச்சான் டம்ளரை வேன் படியில் வைத்தான்.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? தெனமும் கேட்டாங்க மாமா. ராத்திரி எழுந்து உக்காந்துக்கிட்டு, அவ என்னடா சொன்னா, ஒண்ணுமே சொல்லாமயா போயிட்டான்னு. உங்ககிட்ட வந்து நான் எத்தனை வாட்டி கேட்டேன்? மரம் மாதிரி இருந்தீங்க."

"அதுக்குன்னு மைக்குல போட்டு விப்பியா?"

"விக்கலை."

"டிப்ஸ் வாங்கறது யாரு, நானா?"

மச்சான் முகம் சிவந்தது. அடிக்கப் போகிறான் என்று அவன் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். மச்சான் படியில் உட்கார்ந்தான்.

"அன்னைக்குக் காலைல எங்க லாட்ஜ்ல ரூம் ஃபுல். எங்க போகலாம் எங்க போகலாம்னு கேட்டவங்களையெல்லாம் அருவிக்குப் போங்க, மழை விட்டிருக்கு, சூப்பரா இருக்கும்னு நான்தான் அனுப்பினேன். வரிசையா, காரு காரா. அதுல யாரு ரோட்டுல நிறுத்தினாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா நிறுத்தியிருப்பாங்க." மூக்கை உறிஞ்சினான். "அவ அவங்களத் திட்டாமப் போனான்னு சொன்னா எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியுது. அதான் சொல்றேன். மொதல்ல அம்மாவுக்குச் சொன்னேன். அப்புறம் அந்த வளைவு வந்தா வாய் தானா அதையே சொல்லுது."

அருவிப் பக்கமிருந்து குழந்தைகளின் கூச்சல் கேட்டது. அவன் டீயைக் குடித்து முடித்தான். ஆறிப்போயிருந்தது.

"திட்டலடா அவ. யாரையும் ஒண்ணும் சொல்லல."

"நெஜமாவா?"

"ம்."

"அப்ப என்னதான் சொன்னா?"

"மைக்குல சொல்லக் கூடாது."

"அக்கா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்."

"சொன்னாலும் ஒருத்தனும் டிப்ஸ் தர மாட்டான். அது அப்படி ஒண்ணும் இல்ல."

"அம்மாகிட்ட?"

அவன் யோசித்தான். "அவங்களுக்கு நீ சொன்னதே இருக்கட்டும். தூங்கறாங்க."

பிறகு அவன் சொன்னான். சொல்லும்போதே அது அடியிலிருந்து மேலே வந்தது, வேறு யாருடைய வார்த்தையும் ஒட்டாமல். முன்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதில் ஆள் இல்லை. பின்னால் ஒரு பஸ், பானெட் இடிக்கிற மாதிரி. ஒரு சாண் நகர்த்த இடமில்லை. அவன் இறங்கி ஓடிப் போய்க் கத்திவிட்டு, தொண்டை கட்டிப் போய்த் திரும்பி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான். மழை விட்டு வெளுத்திருந்தது. ரோடெல்லாம் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெகுநேரமாகப் பேச்சில்லாமல் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தான். கண்ணாடியில் பார்த்தபோது கண் திறந்திருந்தது. ஒரு கையைத் தூக்கி முகத்துக்குக் குறுக்கே வைக்கப் பார்த்தாள். கை பாதியிலேயே விழுந்துவிட்டது. தினமும் பயணிகளை ஏற்றும்போது அவனிடம் சொல்கிற அதே சாதாரணக் குரலில், கொஞ்சம் எரிச்சலாகக்கூட, சொன்னாள்:

"வண்டிய கொஞ்சம் முன்னாடி எடேன்பா. வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது."