எட்டைக் கழித்து ஓட்டுகிறவன்

கடைக் கதவைக் கொஞ்சம் தூக்கும்போதே பம்புவுக்குத் தெரிந்துவிட்டது, வாசலில் வந்து நிற்கிறவன் யார் என்று. கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற முழ உயரச் சந்திலேயே பாதிக்கு மேல் கண்ணில் படுகிற கார் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் உண்டு. அது அவருடைய மைத்துனனுடையது.

பம்பு என்பது கடையில் வைத்த பெயர். பல வருஷமாக டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

"மச்சான், முன்னால பத்தொம்பதரை, பின்னால இருபத்தி மூணு."

"நேத்து முன்னால இருபது கேட்ட."

"நேத்து வெயில். இன்னிக்கு மேகம்."

"டயருக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும்னு பயமா?"

மைத்துனன் சிரிக்கவில்லை. குனிந்து வால்வு மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பம்பு பெருமூச்சு விட்டுக் குழாயை இழுத்தார். மனைவியின் தம்பி. திட்டினால் சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இறங்காது.

அவன் கேட்பதில் ஓரளவு நியாயமும் இருந்தது. அந்தக் கடையில் சின்னக் கார், பெரிய கார் என்று பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் முப்பத்திரண்டுதான், முதலாளியின் சட்டம். இந்த வண்டி வந்த முதல் நாள் பம்புவும் பழக்க தோஷத்தில் முப்பத்திரண்டே வைத்து அனுப்பினார். இரண்டு இருக்கை, துணிக் கூரை, ஓடு மாதிரி மெல்லிய உடம்பு. பின்பக்கத்தை இரண்டு ஆள் கையால் தூக்கிவிடலாம். அந்த எடைக்கு அவ்வளவு காற்று வைத்தால் என்ன ஆகும்? சட்டியில் போட்ட கடுகு மாதிரி சாலையெல்லாம் துள்ளியது. மைத்துனன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். இருபதும் சொச்சமும் போதும் என்று அன்றைக்கே முடிவாயிற்று. அதோடு விட்டிருந்தால் பம்பு ஏன் நொந்துகொள்ளப் போகிறார்? இவன் அரை அரையாகக் கூட்டுவதும் குறைப்பதுமாகத் தினம் வந்து நின்றான்.

காரணம் காற்று இல்லை. லைசென்ஸ்.

மைத்துனன் ரொட்டித் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறவன். ஆனால் வேகமாகப் போனதாக அவனுக்கு வந்த இரண்டு போலீஸ் நோட்டீஸும் இந்தக் குட்டிக் காருக்குத்தான். முதலாவது நியாயமானது, மிதித்தேன் என்று அவனே ஒத்துக்கொண்டான். இரண்டாவதுதான் அவன் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. வேக மீட்டரின் முள் எண்பத்தெட்டைத் தாண்டவே இல்லை என்று அடித்துச் சொன்னான். மூன்றாவது நோட்டீஸ் வந்தால் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போய்விடும். லைசென்ஸ் இல்லாதவன் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், மூன்றாவது வயிற்றில்.

"வித்துத் தொலையேன்டா," என்று கேட்காதவர்கள் இல்லை.

"நான் குடிக்கிறேனா, சீட்டாடுறேனா? இது ஒண்ணுதான் எனக்கு." இதுதான் அவன் பதில்.

"எண்பதுதான்டா அந்த ரோட்டுல. நீ எதுக்கு எண்பத்தெட்டுல போன?" என்று பம்பு கேட்டதற்கும் பதில் இருந்தது. வண்டி வாங்கிய புதிதில் ஆளில்லாத சாலையில் போன் காட்டுகிற வேகத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறான். முள் எண்பத்தெட்டு காட்டும்போது போன் எண்பது காட்டியது. மீட்டர் செய்கிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள், குறைத்து வைக்க மாட்டார்கள். அது உலகத்துக்கே தெரிந்த விஷயம். அன்றிலிருந்து எட்டைக் கழித்து ஓட்டுவது அவன் காலுக்கே பழகிவிட்டது.

"அப்படி இருந்தும் கேமராவுல மாட்டியிருக்கேன்னா, டயர் உப்பியிருக்கு மச்சான். உப்பினா சுத்து பெருசாகும். சுத்து பெருசானா முள்ளு கம்மியா காட்டும்."

"காத்தால முள்ளு ஒரு மயிரிழை நகரும். எட்டு எப்படிடா நகரும்?"

"மயிரிழை மயிரிழையாத்தான் மச்சான் எட்டு."

இவனோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். பம்பு பத்தொன்பதரை வைத்தார். அரை மணி நேரம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது: "மச்சான், இடது முன்னாடி லேசா இழுக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பம்புவுக்குப் பொறுமை போயிற்று. "வா. நானும் ஏறுறேன். உன் முள்ளையும் என் போனையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம். அதுக்கப்புறம் காத்துன்னு வாயைத் திறந்தா குழாயை உன் வாயில சொருகிடுவேன்."

ஏறுவது என்றா சொன்னார்? அதற்குள் இறங்கத்தான் வேண்டும், அண்டாவுக்குள் இறங்குகிற மாதிரி. முட்டி நெஞ்சில் இடித்தது. பக்கத்தில் போகிற லாரியின் சக்கரம் காதுக்கு நேராக உருண்டது. நெடுஞ்சாலைக்கு வந்ததும் மைத்துனன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? கொஞ்ச நாளாவே இப்படித்தான். காத்தைக் குறைச்சதுல இருந்து வண்டி என்னமா பறக்குது."

பம்பு மடியில் இருந்த போனைப் பார்த்தார். எண்பத்தெட்டு. முள்ளைப் பார்த்தார். எண்பத்தெட்டு. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"டேய், குறை."

"எண்பதுலதான் மச்சான் போறேன். எட்டைக் கழிங்க."

"எதுல இருந்துடா கழிக்கிறது? போனும் எண்பத்தெட்டுங்குது."

"உங்க போன் பழசு."

தூரத்தில் பாலத்துக்கு முன்னால் சாம்பல் நிறக் கம்பம் தெரிந்தது. அதன் தலையில் பெட்டி. இரண்டாவது நோட்டீஸ் தந்த அதே கேமரா.

"மாப்ள, என் போன் பழசாவே இருக்கட்டும். அந்தப் பெட்டி புதுசு. உன் வேலை அதுக்குள்ள இருக்கு. காலை எடு."

சத்தம் போடாமல் சொன்னதால்தானோ என்னவோ, அவன் காலை எடுத்தான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே பரம்பரையைத் திட்டினான். கம்பத்தைத் தாண்டும்போது போன் எழுபத்தாறு என்றது. முள்ளும் எழுபத்தாறு. அதற்கப்புறம் சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினான்.

மைத்துனன் தன் போனை எடுத்தான். மறுபடி கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தான். முள்ளும் போனும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின.

"இது எப்போ உண்மை பேச ஆரம்பிச்சுது?" என்றான். குரலில் அவ்வளவு வருத்தம்.

"வண்டிய யாராவது தொட்டாங்களா?"

"என் வண்டிய யாரு தொடுவா? மீட்டர் பல்பு போச்சுன்னு அக்கா கடைப் பக்கம் விட்டேன், அவ்வளவுதான்."

அக்கா என்றது பம்புவின் மனைவியை. அவளுடைய தையல் கடைக்கு அடுத்த கடை, வண்டி மீட்டர்களைப் பழுது பார்க்கிற மீட்டர்காரருடையது. பம்பு மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார்.

"ஆமாங்க, நான்தான் சரி பண்ணச் சொன்னேன்," என்றாள் அவள், உப்பு வாங்கி வந்ததைச் சொல்கிற மாதிரி. "மொத நோட்டீஸ் வந்தப்பவே. முள்ளு தப்பா காட்டுது, எட்டு கூட காட்டுதுன்னு அவனே எத்தனை தடவை சொல்லியிருக்கான்? சரியா காட்டினா நல்லதுதானே?"

"என்கிட்ட சொல்லலையே அக்கா."

"சொன்னா விடுவியாடா நீ? அந்தச் சவலைப் பிள்ளைய யாராவது தொட்டா கைய வெட்டுறவன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். பம்புவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுசாக வரவில்லை. இந்தக் குடும்பமே இப்படித்தான். வீட்டுக் கடிகாரத்தை மனைவி பத்து நிமிஷம் கூட்டி வைப்பாள். எல்லாரும் பத்தைக் கழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் பதினைந்தாக்கினாள். இப்போது அந்த வீட்டில் மணி பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும்.

"உங்க அக்காதான் அப்படின்னா நீ..."

"நீங்க மட்டும் என்னவாம்? காத்து எப்பவும் ஒண்ணு கூட வைப்பீங்க, குழாயை உருவுறப்போ போயிடும்னு. அதனாலதான் நான் ஒண்ணு குறைச்சே கேக்குறேன்."

"உன் வண்டிக்கு மட்டும் கூட வைக்கிறத விட்டு ரெண்டு மாசம் ஆச்சுடா."

மைத்துனன் அவரையே பார்த்தான். "அதான் இடது பக்கம் இழுக்குது," என்றான் மெதுவாக.

நேரே மீட்டர்காரரிடம் போனார்கள். மனைவியும் தையல் கடையிலிருந்து நூல் ஒட்டிய சேலையோடு வந்து நின்றாள். மீட்டர்காரர் கண்ணில் செருகியிருந்த கண்ணாடியைக் கழற்றி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழையபடி எட்டு கூட்டி வெச்சுடுங்க அண்ணே," என்றான் மைத்துனன்.

"உண்மை பேசுற மீட்டர எவனாவது பொய் பேச வைப்பானா?" என்றாள் அக்கா. "இனிமே கழிக்காம ஓட்டுடா. அவ்வளவுதானே?"

"என் காலுக்கு எண்பத்தெட்டுதான் அக்கா தெரியும். ஒரு நாள் மறந்து மிதிச்சேன்னா வேலை போச்சு."

"மறக்காத."

"மறக்கணும்னு நெனச்சுக்கிட்டா மறக்கிறோம்?"

மீட்டர்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அக்கா சரி பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன். தம்பி கெடுக்கச் சொல்றாரு. இது மீட்டரா, உங்க வீட்டுப் பாகப் பிரிவினையா? அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

பம்புவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. இவள் சொல்வதுதான் சரி. உண்மை காட்டுகிற முள்ளைக் கெடுப்பது பாவம். ஆனால் இவன் காலைத் திருத்த எத்தனை மாதம் ஆகும்? கேமரா அதுவரை காத்திருக்குமா?

"எட்டு கூட்டி வைங்க," என்றார்.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைத்துனனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "அண்ணே, ஒரு பாதுகாப்புக்குப் பத்தாவே வெச்சிடுங்களேன்."

"எட்டு," என்றார் பம்பு. இத்தனை மாதத்துக் களைப்பும் அந்த ஒரு சொல்லில் இறங்கியது. "நீ பத்து வெச்சா பத்தைக் கழிப்ப. இவ அது தெரிஞ்சு பன்னெண்டாக்குவா. எட்டு. இனி இந்த முள்ளைத் தொடுறவங்க மத்த ரெண்டு பேருக்கும் சொல்லிட்டுத்தான் தொடணும். யாரும் எங்கயும் போகக் கூடாது, நின்னு பாருங்க."

மீட்டர்காரர் டயலைப் பிரித்து, திருகி, சக்கரத்தைச் சுற்ற விட்டுக் காட்டும்வரை மூன்று பேரும் தலையை ஒன்றாக நீட்டிப் பார்த்தார்கள்.

"இப்போ வாயால சொல்லுங்க. எண்பத்தெட்டுன்னா?"

"எண்பது," என்றான் மைத்துனன்.

"நீ?"

"எனக்கென்ன லைசென்ஸா இருக்கு?"

"சொல்லு."

"எண்பத்தெட்டுன்னா எண்பது. போதுமா?"

பம்பு தலையை ஆட்டினார். வெளியே காரின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேட்காமலேயே மீட்டர்காரரும் தனக்குத்தானே ஒரு முறை சொல்லிக்கொண்டார்: "எண்பத்தெட்டுன்னா எண்பது."