பிளாரன்ஸ் போடாத கையெழுத்து

பிளாரன்ஸ் சான்றிதழை மேசைமேல் விட்டெறிந்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன், அண்ணாச்சி."

தூத்துக்குடியில் ஸ்கூபா பயிற்சி கொடுப்பவள் அவள். எதிரே நின்ற லிங்கராஜ் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட். நார்வேயில் ஒரு மீன்பண்ணை, கடலுக்கடியில் வலைகளைச் சுத்தம் செய்ய நான்கு பேரைக் கேட்டிருந்தது. இந்தக் கரையில் சங்கு குளிக்கும் நால்வரை லிங்கராஜ் பிடித்து வைத்திருந்தார். குளிர்ந்த நீரில் இறங்க அவர்களைப் பழக்கியதாக அவள் எழுதித் தர வேண்டுமாம். ஒருநாள்கூடப் பழக்கவில்லை.

"எங்கன இருந்தாலும் கடல் கடல்தான மேடம்?"

"அங்கன தண்ணி நாலு டிகிரி. நம்ம கடல் இருபத்தெட்டு. உடம்புல தண்ணியே படாத டிரை சூட்ட இவங்க கண்ணால பாத்திருக்காங்களா?"

கூடவே வந்திருந்த நால்வரில் மூத்தவனான செல்வதுரை முந்திக்கொண்டான். "பதினேழு வயசுல இருந்து கடல்ல கெடக்கேன். வந்த பொழப்ப ஏன் யக்கா கெடுக்கீங்க?"

அந்தப் பேச்சுதான் அவளுக்குத் தலைக்கேறியது. "வாலே என்கூட!"

சிலிண்டரையும், அவன் மூச்சு விடும் ரெகுலேட்டரையும் தூக்கிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்குப் போனாள். லிங்கராஜும் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பெரிய தண்ணீர்த் தொட்டியில் உடைத்த ஐஸைக் கொட்டச் சொன்னாள். வெப்பமானி மூன்று டிகிரி காட்டியது.

"முங்கு. நான் பக்கத்துலயே நிக்கேன்."

செல்வதுரை தன் பழைய ரப்பர் உடையோடு வீம்பாக முங்கினான். குளிர் முகத்தில் அறைந்ததும் மூச்சு தாறுமாறாக இரைத்தது. ஏழாவது நிமிடம் ரெகுலேட்டருக்குள் ஐஸ் உறைந்து, காற்று நிற்காமல் சீறிக் கொட்டியது. வெளியே தலைநீட்டி சிலிண்டரை மூடப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை. பிளாரன்ஸ்தான் மூடினாள்.

"அறுபது அடி ஆழத்துல இப்படி ஆனா, உம் பொண்டாட்டிக்கு யாருலே பதில் சொல்ல?"

பல் தந்தியடிக்க நடுங்கியவன் லிங்கராஜைத் திரும்பிப் பார்த்தான். "அங்க நல்ல மிஷின் தருவாங்க" என்று இழுத்தார் அவர்.

"தருவாங்கன்னு எதுல எழுதியிருக்கு? எங்க பாஸ்போர்ட்ட எடும்வே!" செல்வதுரை கத்திய கத்தலில் ஐஸ் உடைப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அன்றே பிளாரன்ஸ் அந்தப் பண்ணைக்கு மெயில் எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. அவள் கையெழுத்திட்ட சான்றிதழின் நகல் போன வாரமே கிடைத்துவிட்டதாம், அசலுக்குத்தான் காத்திருக்கிறார்களாம்! படித்தவளுக்குக் கோபத்தில் கண் இருட்டியது. நால்வரையும் கூட்டிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லிங்கராஜ் மேல் கள்ளக் கையெழுத்துப் புகார் கொடுத்தாள்.

ஏஜெண்டை விலக்கிவிட்டு, பண்ணையே நேரடியாக ஆட்களை அழைத்தது. உடையும் பயிற்சியும் தன் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தது. இரண்டு பேர் பயந்து நின்றுகொண்டார்கள். செல்வதுரையும் இன்னொருவனும் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து போன்.

"கடல்லயே எறக்க மாட்டேங்காங்க யக்கா. டிரை சூட்ட மாட்டி நீச்சல் குளத்துலயே போட்டு ஊறவைக்காங்க!"

"நல்லா ஊறுலே" என்று சொல்லிப் போனை வைத்தாள். அந்தக் கள்ளக் கையெழுத்தை நினைத்து அவளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.